ஊவாவில் துவக்கும் உழைப்பும்

நாட்டுத் துவக்கை அரும்பொருட் காட்சிச்சாலையிற் காண்போர் அதன் அழகை வியந்து அமைவர். வெள்ளித் தகடு பதித்து, இரு சுருளாகப் பிரியும் பிடங்குடன் விளங்கும் கண்டித் துவக்கு அத்தகையதே. போர்த்துக்கேயரின் வருகையோடு அறிமுகமான படைக்கலத்தைக் கண்டிக் கொல்லர் தம் கைவினை மரபுக்குள் முற்றாக உள்வாங்கினர். பொறியை இடப்புறத்தே பொருத்தும் தனி வழக்கும் தோன்றிற்று. ஆயின் அக்கொல்லர் விற்பனைக்காகத் துவக்குச் செய்தவரல்லர். நிலத்துக்கு ஈடாக இராசகாரியம் என்னும் ஊழியம் புரிந்தவர். துவக்கு அங்குப் பண்டமாகவில்லை.

மருந்தையும் குண்டையும் குழல்வாய் வழியே இட்டு, கோலால் இடித்து இறுக்குவதே இத்துவக்கின் முறை. 'இடியன்' என மக்கள் வழங்குவது இதனையே. ஒவ்வொன்றும் தனித்தனியே அராவிப் பொருத்தப்பட்டமையால் ஒன்றன் குழல் மற்றொன்றன் கட்டையிற் பொருந்தாது. உறுப்புக்களை ஒரே அளவில் ஆக்கி மாற்றிப் பொருத்தும் முறை 19ஆம் நூற்றாண்டின் இயந்திரத் தொழிற்சாலை வளர்த்தெடுத்தது. எனவே பழுதுற்ற துவக்கு ஊர்க் கொல்லனின் உலைக்களத்துக்கே மீள வேண்டியிருந்தது. தொடர்ச்சியான போரில் இது சிறிய இடர்ப்பாடன்று.

1817இல் ஊவா வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டபோது பதுளையின் பிரித்தானிய அதிகாரி வில்சன் அம்பினால் வீழ்ந்தான். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை மக்கள் பக்கம் சேர்ந்தபோது, தமக்கு வழங்கப்பட்ட படைக்கலங்களைத் தேசாதிபதி பிரவுன்றிக்குக்கே திருப்பியனுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. வரலாற்று நூல்கள் இதனைப் பெருந்தன்மையெனப் போற்றும். நிலமானியத் தலைவனின் மானவுணர்வுக்குக் குடியானவர் கொடுத்த விலையென்றே நான் கொள்வேன். வீடுகளும் விளைநிலங்களும் எரியூட்டப்பட்டன; 1818 நவம்பர் 26இல் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

1833இல் இராசகாரியம் ஒழிந்தது. கொல்லன் விடுதலை பெற்றான். அவனைப் பேணிய அமைப்போ முன்னரே அழிந்திருந்தது. 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்க, கோப்பியும் பின்னர்த் தேயிலையும் மலையேறின. பதுளையில் ஆட்சி புரிந்த மேஜர் றொஜேர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகக் கூறுவர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டான். அவன் வேட்டை, விளையாட்டு எனப்பட்டது. சேனைக் காவலுக்குக் குடியானவன் வைத்திருந்த துவக்கோ 1916இன் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டிநின்றது. அஃதின்றிச் செய்யப்பட்ட இடியனும், பன்றிக்கென வழியிற் கட்டிய கட்டுத்துவக்கும் குற்றப் பொருள்களாயின. கட்டுத்துவக்கு பன்றியையும் மனிதரையும் வேறுபடுத்தி அறியாது என்பதும் உண்மையே.

தோட்டத் தொழிலாளருக்கோ காக்கச் சேனையுமில்லை, துவக்குமில்லை. 1940 சனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். அதே ஆண்டு பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்தோர் தமக்கெனத் தெரிவுசெய்த சபையொன்றை அமைத்தனர். அடக்கவந்த ஆயுதப் பொலிசாரின் படைக்கலங்களையும் பறித்தனர் எனச் சமசமாஜக் கட்சி வரலாறுகள் கூறும். உலைக்களமின்றிக் கூட்டுப் பலத்தாற் பெற்ற துவக்குகள் அவை. பொலிசாரின் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேலாகத் துண்டித்த வெள்ளமும் அவ்வெழுச்சியை முடித்தன.

1971 ஏப்பிரல் 5 அதிகாலை வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டபோது, கிளர்ச்சியாளரின் படைக்கலங்கள் பெரும்பாலும் கைக்குண்டுகளும் வேட்டைத் துவக்குகளுமே. அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஐந்து வகுப்புக்களுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. வெல்லவாயவுக்கு மேலேயுள்ள கொஸ்லந்தை மலைகளிற் கொழுந்து பறித்தோரை அவ்வகுப்பு அவ்விஸ்தரிப்பின் கருவியெனக் காட்டியது.