களா: விடுபட்ட தொழுகையின் கணக்கு

கி.பி. 627இல் மதீனா நகரைப் பெரும்படை முற்றுகையிட்டது. நகரத்தார் அகழ் வெட்டித் தடுத்து நின்றார்கள். அந்த நெருக்கடியில் ஒரு நாள் நபிகள் நாயகத்துக்கே மாலை நேர அஸர் தொழ முடியாமல் போயிற்று. சூரியன் மறைந்த பிறகு ஒளுச் செய்து, முதலில் அஸரையும் அடுத்து மஃரிபையும் தொழுதார்கள்.

நேரம் தவறியதைப் பின்னர் நிறைவேற்றுவதைத்தான் நம் ஊர் முஸ்லிம்கள் 'களா' என்கிறார்கள். தூங்கிப்போனாலும் மறந்துபோனாலும் கடன் கடன்தான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தது காரைக்காலில். குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றது கோவையில். அங்கே மரைக்காயர்கள் ஷாபி மத்ஹபினர். கடல் வழியே வந்த அரபு வணிகர் தொடர்பு அது. இங்கே ராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனபிகள்.

அகழ்ப்போர் நாளின் அந்த வரிசையை இரு மரபும் இருவிதமாக எடுத்துக்கொண்டன. ஷாபியில் வரிசைப்படி தொழுவது சிறப்பு, கட்டாயமில்லை. ஹனபியில் ஐந்து தொழுகை வரை விடுபட்டிருந்தால் பழைய பாக்கியை முடித்த பிறகே இன்றையது. ஆறாகிவிட்டால் அந்தக் கட்டாயம் நீங்கிவிடும்.

இந்த ஆறு என்ற எல்லையில் பெரிய கருணை இருக்கிறது. மலைபோல் பாக்கி வைத்திருப்பவருக்கும் இன்றைய தொழுகையின் வாசல் அடைபடுவதில்லை. வயதான பலர் ஒவ்வொரு வேளையும் அன்றைய கடமையோடு ஒரு களாவையும் சேர்த்துத் தொழுகிறார்கள். அப்படித் தொழுதால் ஐந்து வருஷப் பாக்கி ஐந்து வருஷத்தில் தீரும். ஆயுள் வேண்டும், அவ்வளவுதான்.