மட்டைக்கும் பந்துக்கும் இடையிலே

எல்லே ஆடி வளர்ந்த எமக்கு ஒன்று தெரியும்: பந்தை அடிக்கப் பலம் மட்டும் போதாது, நேரமும் வாய்க்க வேண்டும். சொப்ட்போலின் வரலாறும் அதையே சொல்கிறது. 1887இல் சிக்காகோவில், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைத் தும்புத்தடியால் அடித்துத் தொடங்கிய உள்ளரங்க விளையாட்டு அது. பந்து பெரிது, பெயரிலும் மென்மை. ஆகவே அதனை இலகுவானதென்று எண்ணியோர் பலர்.

1961இல் பேஸ்போல் மேதை டெட் வில்லியம்ஸ், வாட்டர்பரி நகரில் ஜோன் ஜொய்ஸ் என்ற இளம்பெண்ணின் பந்துகளை எதிர்கொண்டார். அவர் பழகியவை 60 அடிக்கு அப்பாலிருந்து, தோளுக்கு மேலால் எறியப்படும் பந்துகள். ஜொய்ஸோ 40 அடியிலிருந்து, கையைச் சுழற்றி இடுப்பருகே விடுவித்தார். மணிக்கு 60 மைல் வேகப் பந்து அத்தூரத்தைக் கடக்க அரைச் செக்கனும் ஆகாது. பெரும்பாலான பந்துகள் வில்லியம்ஸின் மட்டையில் படவேயில்லை.

பந்து புறப்பட்ட பின் ஆயத்தமாக நேரமில்லை. எறிபவரின் கை சுழலும்போதே முன்கால் ஊன்றவேண்டும். கைகள் பின்னே பொறுத்திருக்க வேண்டும். வீச்சு குறுகியதாக இருக்கவேண்டும்.

1996இல் மகளிர் சொப்ட்போல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பரீட்சை நெருங்கியதும் மைதானத்தை மறக்கும்படி சொல்லப்படும் எம் தங்கையருக்கு இவ்வரலாற்றைச் சொல்லிவைப்போம். பொறுத்திருக்கவும் தக்க தருணத்தில் துணியவும் மைதானமும் கற்பிக்கிறது.