குறுந்தகட்டின் கதை

ஒலியைப் பொருளிற் பொறித்து வைத்து, வேண்டும்போது மீண்டும் கேட்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் தாமஸ் எடிசன். அவர் போனோகிராப் கருவியை ஆக்கிய ஆண்டு 1877. பத்தாண்டு கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வகுத்த வழியிலே தட்டையான இசைத்தட்டு தோன்றிற்று. அன்று முதல் நெடுங்காலம் ஊசியும் தட்டும் உரசியே பாட்டுப் பிறந்தது. உரசல் உள்ள இடத்தில் தேய்வும் உண்டன்றோ? எந்தப் பாட்டை மிக விரும்பிக் கேட்டோமோ அந்தப் பாட்டே முதலில் தேய்ந்தது. இக்குறையை நீக்க எழுந்ததே சி.டி. என நாம் வழங்கும் குறுந்தகடு. அதன் வரலாற்றையும், அதனை வாசிக்கும் கருவியைச் சிறுபொருள் கொண்டு தேர்ந்துகொள்ளும் முறையையும் இங்கே பேச விரும்புகிறேன். வரலாறு வேறு, வாங்குதல் வேறு என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். முன்னதை அறிந்தவனே பின்னதில் ஏமாறாதவன் என்பது என் துணிபு.

குறுந்தகட்டில் இருப்பது ஒலியின் வடிவமன்று, எண்களின் வரிசை. ஒலியலையை நொடிக்குப் பலமுறை அளந்து, அவ்வளவுகளை எண்களாக எழுதிவிடலாம் என்ற கருத்தை 1937-இலேயே அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலப் பொறியாளர் கண்டார். மனிதச் செவி நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையிலுமே கேட்கவல்லது. அதனைக் குறைவின்றிப் பதிய அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட அளவீடுகள் வேண்டும். அங்ஙனமாயின் 44,100 என்ற விந்தையான எண் எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் இவ்வெண்களைச் சேமிக்க வீடியோ நாடாவே ஏற்றதாயிருந்தது. அதில் ஒரு கோட்டுக்கு 3 அளவீடு, ஒரு புலத்துக்கு 245 கோடு, நொடிக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும்.

இனி, தகடு பிறந்த கதையைக் காண்போம். நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம், 1979-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஐந்தோவன் நகரில், லேசர் ஒளியால் வாசிக்கும் தகட்டைச் செய்தியாளர்க்குக் காட்டியது. ஜப்பானின் சோனி நிறுவனமும் அதே துறையில் உழைத்துக்கொண்டிருந்தது. போட்டியிட்டு இரண்டு வகைத் தகடுகளை உலகில் உலவவிடுவதா, கூடி ஒன்றையே ஆக்குவதா? இரண்டும் கூடின. பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது. சோனி 16 வேண்டும் என்றது. முடிவில் 16 பிட்டும், 12 சென்டிமீட்டர் குறுக்களவும் உறுதியாயின. 1980-இல் 'செந்நூல்' எனப் பெயர் பெற்ற விதித்தொகுப்பு எழுந்தது. எந்த ஆலையில் அச்சிட்ட தகடும் எந்தக் கருவியிலும் பாடுவது அந்த ஒப்பந்தத்தின் பயனேயாகும்.

1982 அக்டோபர் 1-ஆம் நாள் சோனியின் முதற் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். எளிய குடும்பத்துக்கு அஃது எட்டாக் கனி. ஆயின், 1984-இல் அதே நிறுவனம் கையடக்கக் கருவியொன்றை 49,800 யென்னுக்கு விற்றது. ஈராண்டில் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. லேசரும் சில்லுகளும் பெருந்தொகையாக உற்பத்தியானதே இதற்குக் காரணம். இதனால் நாம் அறிவது என்ன? இக்கருவியின் உயிர்நிலையான உறுப்புகள் மலிந்துவிட்டன. விலை மிகுந்தால் இசை அவ்வளவுக்கு மிகும் என்று கருதுதல் பொருந்தாது.

மற்றொரு படிப்பினையும் உண்டு. பிலிப்ஸின் முதற் கருவியில் இருந்தவை 14 பிட் மாற்றிகளே. அப்பொறியாளர்கள் சோர்ந்தனரா? அளவீடுகளை நான்கு மடங்காக்கி, நொடிக்கு 1,76,400 என்ற வேகத்தில் இயக்கி, 16 பிட்டுக்கு நிகரான ஒலியைப் பெற்றனர். சோனியின் கருவியிலோ 16 பிட் மாற்றி இருந்தது. ஆனால் அந்த ஒன்றே இடச்செவிக்கும் வலச்செவிக்கும் மாறி மாறித் தொண்டு செய்தது. ஆதலின், பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்கலாகாது.

தகட்டில் கீறல் விழுந்தால் என் செய்வது என்று கேட்பீர்கள். ரீட், சாலமன் என்னும் கணித அறிஞர் இருவர் 1960-இல் கண்ட பிழை திருத்தும் முறை இங்கே கைகொடுக்கிறது. சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு எழுத்து அழிந்தாலும் கருவி அதனை முழுமையாக மீட்டுவிடும். மலிவான கருவியும் விலையுயர்ந்த கருவியும் நல்ல தகட்டிலிருந்து வாசிப்பவை அதே எண்களே. ஆகவே, கையிலுள்ள பொருளில் பெரும்பங்கை ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு ஒதுக்குக என்பேன். செவிக்குத் தெரியும் வேறுபாடு மிகுதியும் அங்கேதான் உள்ளது.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பழமொழி. பழைய கருவியை வாங்குவோர் சிலவற்றைச் சோதித்தல் வேண்டும். குறுந்தகடு உள்ளிருந்து வெளிநோக்கி வாசிக்கப்படுவது. எனவே நீண்ட தகடொன்றை இட்டு, முதற் பாட்டோடு நில்லாது கடைசிப் பாட்டையும் கேளுங்கள். லென்ஸ் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கே தடுமாறும். தட்டு வெளிவர மறுத்தால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அது சிறுசெலவு. லென்ஸ் கெட்டிருந்தால், மாற்று உறுப்புக் கிடைக்கும் கருவிதானா என்று விசாரித்த பின்னரே பணம் கொடுங்கள். வீட்டில் பழுதில்லாத டி.வி.டி. கருவி இருந்தால் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை, அதுவே சி.டி.யையும் பாடும். அதனை ஸ்டீரியோவுடன் இணைத்தாற் போதும்.

இணையத்தின் வழியே இசை கேட்பது இன்று பெருவழக்காயிற்று. ஆயினும் முந்திய தலைமுறை சேர்த்து வைத்த தகடுகள் பல வீடுகளில் உறங்குகின்றன. அவற்றுட் சில எங்கும் மறுபதிப்புக் காணாதவை. ஏட்டைப் படிக்கக் கண் போதும். தகட்டைப் படிக்கக் கருவி வேண்டும். கருவிகள் ஒவ்வொன்றாய் மறையுமாயின், அத்தகடுகள் அழியாமலே ஊமையாகிவிடும். நல்ல நிலையிலுள்ள எளிய கருவியொன்றைத் தேடிக் காப்பவர், தம் பணத்தோடு ஒரு தலைமுறையின் குரலையும் காத்தவராவர்.