கல்லில் தொங்கும் தோரணம்

பூசையில் சங்கை வைக்கும் சிறு முக்காலியைப் பலரும் பார்த்திருப்போம். சங்கு உருண்டுவிடாமல் நிற்க மூன்று கால்களும் ஒரு வளையமும் போதும். ஆனால் வார்ப்பவர் அத்தோடு விடுவதில்லை. வளையத்தை ஆமையாக்குவார், காலைத் தாமரையிதழில் ஊன்றுவார். தாங்குகிற பொருளுக்கு அணி எதற்கு என்று நாம் கேட்பதில்லை. அணியில்லாத முக்காலி நம் கண்ணுக்கு முடிவு பெறாததாகவே தோன்றுகிறது. இந்த மனப்போக்கு எவ்வளவு பழையது என்று பார்க்க விரும்புவோர் விழுப்புரம் வட்டாரத்துக் குன்றுகளுக்குச் செல்லலாம்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ளது மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு அகழ்வித்த குடைவரையில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை எடுத்தான் என்பது அதன் செய்தி. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. பிற அரசர்கள் தாம் கட்டியதைச் சொல்லிப் பெருமை கொள்ள, இவனோ தான் தவிர்த்ததைச் சொல்லிப் பெருமை கொள்கிறான். சொல்லுக்கேற்பவே கோயிலும் இருக்கிறது. தூண்களில் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு. முகப்பின் இரு புறமும் வாயிற்காவலர். வேறு அலங்காரம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாக உள்ளன.

திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கையில் இந்தச் சிக்கனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பாறையில் ஒரு சிற்றறை, அதில் நின்ற கோலத்தில் புடைப்புச் சிற்பமாகத் திருமால். அவ்வளவுதான்.

இவ்விரண்டையும் பார்த்துவிட்டுத் தளவானூருக்குப் போகிறவர் சற்றுத் திகைப்பார். அதே அரசன், அதே வகைப் பாறை. சத்ருமல்லேசுவரம் என்று அரசனின் மற்றொரு விருதுப் பெயரால் அமைந்த இக்குடைவரை தெற்கு நோக்கியது. கருவறை மட்டும் மண்டபத்தின் மேற்குப் புறத்தில் கிழக்குப் பார்த்து அமைந்திருக்கிறது. கபோதத்தில் வரிசையாகக் கூடுகள், அவற்றினுள் எட்டிப் பார்க்கும் கந்தருவத் தலைகள். நடுவிலுள்ள இரு தூண்களுக்கிடையே, உத்திரத்தின் கீழ், ஒரு மகரதோரணம். இரு புறமும் மகரங்கள். அவற்றின் கழுத்தில் ஏறியமர்ந்த சிற்றுருவங்கள். மகரங்களின் வாயிலிருந்து புறப்படும் வளைவுகள் நடுவில் வந்து கூடுகின்றன.

இத்தோரணம் எதையும் தாங்கவில்லை. அதை வெட்டியெறிந்தாலும் பாறை அப்படியே நிற்கும். போதிகையும் உத்திரமும் கூடக் குடைவரையில் பாவனைதாமே என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அவை தாங்குவதுபோலவாவது காட்டிக்கொள்கின்றன. தோரணம் அப்படிக்கூட நடிக்கவில்லை. விழா நாளில் தழையாலும் துணியாலும் மரத்தாலும் வாயிலில் கட்டி, விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுகிற பொருள் அது. மரத்தை விலக்கியதாகப் பறைசாற்றிய அரசனின் குடைவரையில் மரத்தின் வடிவமே கல்லாகித் தொங்குகிறது. சாஞ்சித் தோரண வாயில்களும் மரவேலையைக் கல்லில் பின்பற்றியவையே. ஆயினும் அவை தனித்து நிற்கும் வாயில்கள். தளவானூரில் உள்ளது வாயிலுக்குப் பூட்டிய அணி.

இதை முரண்பாடு என்று எழுதுவோர் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. மண்டகப்பட்டுக் கல்வெட்டு விலக்கியது அழியும் பொருளைத்தானே தவிர வடிவத்தை அன்று. மறுநாள் வாடிவிடும் தோரணத்தை வாடாததாக்கிப் பார்க்கும் ஆசைதான் தளவானூர் என்று கொள்வதே பொருத்தம். சித்திரகாரப்புலி என்று பெயர் பூண்டவனுக்கு, மத்தவிலாசப் பிரகசனம் எழுதியவனுக்கு, அலங்காரத்தின் மீது வெறுப்பு இருந்திருக்குமா என்ன?

புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் பல்லவக் கலையை ஆராய்ந்தபோது இத்தகைய தோரணங்களைக் காலக்கணிப்புக்குரிய சான்றாகவே கொண்டார். கம்போடியாவின் சம்போர் பிரெய் குக் கோயில்களில், அதே ஏழாம் நூற்றாண்டில், வாயில் விட்டங்களின் இரு முனையிலும் மகரங்களும் இடையில் வளைவுகளும் வருகின்றன. யார் யாரிடம் கற்றார் என்ற வழக்கில் நாம் இறங்க வேண்டியதில்லை. இரு கரைகளும் ஒரே அணியை விரும்பின என்பதே போதிய வியப்பு. தமிழ்நாட்டில் அது பின்னர்க் கோட்டங்களின் மேல் ஏறியது. செப்புத் திருமேனிகளுக்குப் பின்னே திருவாசியாகவும் நின்றது.

தளவானூரில் வடமொழிச் சுலோகத்தோடு ஒரு தமிழ் வெண்பாவும் வெட்டப்பட்டுள்ளது. வெண்பேட்டுக்குத் தெற்கே அரனுக்கு இடம் அமைத்தான் வேந்தன் என்று சொல்லும் அப்பாடலைப் பாடிய சிவதாசனின் பெயரும் அங்கேயே இருக்கிறது. அரசன் பெயர் தெரிகிறது, புலவன் பெயர் தெரிகிறது. அந்த மகரங்களைச் செதுக்கியவன் பெயரைத்தான் தூண்களில் தேடிக்கொண்டு நின்றோம், இல்லை.