எரியாமல் மறைந்த கட்டடங்கள்: கோலாலம்பூர்த் தீயணைப்பாளர் நினைவும் நகர வரலாறும்

முன்னுரை

கோலாலம்பூரின் வரலாற்றை எழுதியோர் பெரிதும் மூவகைச் சான்றுகளை நம்பியுள்ளனர். பிரிட்டிஷ் ரெசிடெண்டுகளின் அறிக்கைகள், நில அலுவலகப் பதிவுகள், புகைப்படங்கள் என்பன அவை. இம்மூன்றிலும் கட்டடங்களின் முகப்பும் உரிமையாளர் பெயரும் கிடைக்கின்றன. உள்ளே யார் இருந்தனர், எத்தனை குடும்பங்கள் ஒரே மாடியைப் பகிர்ந்துகொண்டன, படிக்கட்டு எப்பக்கம் இருந்தது, பின்சந்துக்கு வழி இருந்ததா என்பன கிடைப்பதில்லை. தமிழரைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. தலைநகரில் வாழ்ந்த தமிழருள் செட்டியார்களையும் வணிகர் சிலரையும் நீக்கினால், எஞ்சியோருள் பலர் வாடகைக் குடியினர். அல்லது ரயில்வே, பொதுப்பணி, நகராண்மை ஆகிய துறைகள் தந்த குவார்ட்டர்ஸில் பணிக்காலம் முடியும் வரை குடியிருந்தோர். நிலப்பட்டாவில் பெயர் இல்லாதவர், நிலப்பதிவை நம்பி எழுதப்படும் வரலாற்றிலும் இல்லாமற் போகின்றனர்.

இக்குறையை ஓரளவேனும் நிரப்பக்கூடிய சான்றாளர் வகையொன்று உண்டு. அவர்கள் ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்கள். கட்டடங்களின் உட்புறத்தைத் தொழிலின் பொருட்டு அறிந்தோர் இவர்களைப் போல் வேறு எவரும் இலர் எனலாம். அவர்களுள் ஒருவரிடம் நாம் பலமுறை கேட்டறிந்தவற்றை, ஐயமற அறியப்பட்ட வரலாற்றுச் செய்திகளோடு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் பணி. அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் குடும்பத்தில் பிறந்தவர். 1970களின் தொடக்கத்தில் படையில் சேர்ந்து, ஜாலான் ஹாங் துவா நிலையத்திலும் பின்னர்க் கிள்ளானிலும் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவர் விருப்பப்படி பெயர் தரப்படவில்லை.

தீ கட்டிய நகரம்

கோலாலம்பூர் செங்கல் நகரமானதே தீயினால்தான். 1881 ஜனவரி 4ஆம் நாள் மூண்ட பெருந்தீ, மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன அன்றைய நகரைப் பெரும்பாலும் அழித்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், தெருக்களை அகலப்படுத்தவும் செங்கல்லாலும் ஓட்டாலும் வீடு கட்டவும் ஆணையிட்டார். அத்தேவையை நிறைவுசெய்ய நகருக்குத் தெற்கே கப்பித்தான் யாப் ஆ லோய் நிறுவிய சூளையே பிரிக்ஃபீல்ட்ஸ் எனும் பெயருக்குக் காரணம் என்பது பலரும் அறிந்ததே. ஆயினும், இன்று ‘லிட்டில் இந்தியா’ எனும் பலகையின் கீழ் நடந்து செல்வோர்க்கு அப்பெயரில் ஒரு தீவிபத்தின் நினைவு இருப்பது தெரிவதில்லை.

தமிழரின் கட்டடங்களும் இம்மாற்றத்திற்கு உட்பட்டன. 1873இல் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியில் தொடங்கிய மகாமாரியம்மன் கோவில், 1885இல் ஹை ஸ்திரீட்டுக்கு, அதாவது இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு, இடம்பெயர்ந்தது. தொடக்கத்தில் அத்தாப்புக் கூரையின் கீழ் இருந்த அது, 1887இல் செங்கற் கட்டடமாயிற்று. நகர் முழுவதும் செங்கல்லுக்கு மாறிய அதே ஆண்டுகள் அவை. அச்செங்கற் கோவிலும் இன்று இல்லை. 1968இல் அது நீக்கப்பட்டு இன்றைய கோவில் எழுந்தது. கோலாலம்பூரின் மறைந்த கட்டடங்களைப் பட்டியலிடுவோர் எவரும் இதனைச் சேர்ப்பதில்லை. பக்தியால் நீக்கப்பட்டதை இழப்பாகக் கருதும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பது காரணமாகலாம்.

தீயணைப்புப் படையும் அப்பெருந்தீக்குப் பின் தோன்றியதே. 1883இல் எச்.எஃப். பெல்லமி தலைமையில் பதினைவரைக் கொண்ட, ஊதியமில்லாத தன்னார்வப் படையாக அது தொடங்கிற்று. இதனைக் குறிக்கும் ‘பொம்பா’ எனும் மலாய்ச் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. நீரிறைக்கும் பொறி என்பது அதன் பொருள். நம் நாட்டுத் தமிழர் பேச்சில் தீயணைப்பு வண்டி என்பதைக் காட்டிலும் பொம்பா வண்டி என்பதே வழக்கு. பாடநூலில் முன்னதும் தெருவில் பின்னதும் வாழ்கின்றன. தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தியன்று.

பின்சந்திலிருந்து நோக்கல்

நாம் சந்தித்த தீயணைப்பாளரின் நினைவு அமைந்துள்ள முறை தனித்துக் கூறத்தக்கது. ஒரு தெருவைப் பற்றிக் கேட்டால் நாம் கடைப்பெயர்களையும் முகப்பு அலங்காரங்களையும் எதிர்பார்க்கிறோம். அவரோ பின்சந்திலிருந்து தொடங்குகிறார். கடைவீடு என்பது முன்புறம் ஐந்தடி நடைபாதையும், குறுகிய அகலமும், மிகுந்த ஆழமும் உடையது. நடுவே காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் ஒரு திறந்த முற்றம் இருக்கும். பக்கச் சுவர்களை அடுத்த வீட்டோடு பகிர்ந்துகொள்வதால் பக்கவாட்டில் நுழைய வழியில்லை. முன்புறம் தீப்பிடித்தால் மாடியில் இருப்போர் வெளியேறப் பின்புற இரும்புச் சுருள் படிக்கட்டு ஒன்றே துணை. கழிவு வாளிகளை எடுத்துச் செல்வதற்கும் தீக்காலத்தில் உள்ளே செல்வதற்கும் பயன்பட்ட பின்சந்துகள், எந்த அஞ்சலட்டைப் படத்திலும் இடம்பெற்றதில்லை.

சுவர் செங்கல்லானாலும் தளமும் கூரைச் சட்டமும் மரமே. எனவே தீ சுவரைத் துளைக்காது கூரை வழியே அடுத்த வீட்டிற்குத் தாவும். மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் பல அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளில் இடர் இன்னும் மிகுதி. எந்தத் தெருவில் எந்த மாடி அவ்வாறு பிரிக்கப்பட்டிருந்தது என்பது அவர் நினைவில் பதிந்துள்ளது. உயிர் காக்கும் தகவல் என்பதால் அது மறக்கப்படவில்லை. வாடகைக் குடியினரின் வாழ்விடத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அரிய சான்று இதுவே. லெபோ அம்பாங்கின் செட்டியார் கிட்டங்கிகளைப் பற்றி அவர் கூறியதும் இத்தகையதே. பலர் ஒரே நீண்ட கூடத்தில் பெட்டகமும் கணக்குமேசையுமாய் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய இடம் அது. தடுப்பில்லாத அக்கூடம் தீயணைப்பாளர் கண்ணுக்கு எளிதான இடம். உள்ளே நுழைந்தால் கடைக்கோடி வரை தெரியும். வட்டித் தொழிலைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் பலவாயினும், கிட்டங்கியின் கூடத்தை அதன் நீள அகலத்தோடு விளக்குவன மிகச் சிலவே.

எரிந்தது நிற்க, எரியாதது மறைய

1976 ஜனவரி முதல், அதுவரை வெவ்வேறு நிருவாகங்களின் கீழ் இயங்கிய தீயணைப்புப் படைகள் கூட்டரசின் கீழ் வந்தன. மூன்று திங்கள் கழித்து, ஏப்ரல் 8ஆம் நாள், கேம்பல் சாலையில் இருந்த கேம்பல் வணிக வளாகம் தீப்பற்றியது. நாட்டின் முதல் உயர்மாடித் தீ என அது குறிக்கப்படுகிறது. அன்று அங்கிருந்தோருள் ஒருவரான நம் தகவலாளர், ஏணிக்கு எட்டாத உயரத்தைத் தாம் முதன்முதலில் உணர்ந்த நாள் அதுவெனக் கூறுகிறார். கடைவீட்டுக்குப் பழகிய படைக்கு அக்கட்டடத்தில் பின்சந்து பயன்படவில்லை. பின்னாளில் 1984ஆம் ஆண்டின் கட்டட ஒருங்கு விதிகளும் 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைகள் சட்டமும் வந்தன. வெளியேறும் படிக்கட்டு, தீ பரவாக் கதவு, கட்டடத்துக்குள்ளேயே நீரேற்றும் குழாய் ஆகியவற்றை இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். 1976இல் அவை இயல்பானவையாக இல்லை.

ஒரு நாளளவு எரிந்த கேம்பல் வளாகம் பின்னர்ச் செப்பனிடப்பட்டது. ஆனால் தீயே தீண்டாத பல கட்டடங்கள் மறைந்தன. ஜாலான் அம்பாங்கில் சுவா செங் போக் 1929இல் கட்டி முடித்த போக் மாளிகை 2006 டிசம்பரில் இடிக்கப்பட்டது. நூறாண்டு கடந்தவற்றையே பழஞ்சின்னமாகக் கருதிய 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோலில் அதற்கு வயது போதவில்லை. வயது வரம்பைச் சாராத தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருந்தது. எனினும் மாளிகை அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. 1890களில் எழுந்த புடுச் சிறையின் மதில் 2010 ஜூனில் இடிக்கப்படத் தொடங்கியது. பெருமை கொள்ளத்தக்க மரபன்று என்பது அரசுத் தரப்பின் விளக்கம். துன்பத்தின் சின்னங்களையும் காத்துவரும் நாடுகள் உண்டு என்பதால் இவ்விளக்கம் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. இன்று அங்கு எஞ்சியிருப்பது வாயில் மட்டுமே. ஹாங் துவா நிலையத்தில் பணியாற்றியவர்க்கு அம்மதில் அன்றாடக் காட்சி. மதில் மறைந்தபின் அவ்வழியே சென்றபோது, திரும்ப வேண்டிய இடம் தமக்குப் பிடிபடவில்லை என்றார் அவர்.

கடைவீடுகளின் மறைவுக்குக் காரணம் வேறு. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடுகள் 1999 இறுதியோடு முடிந்தன. குறைந்த வாடகையில் தலைமுறைகளாக இருந்த தையற்காரரும் பொற்கொல்லரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் வெளியேறினர். வாடகைக் கட்டுப்பாடு கட்டடங்களைப் பழுதுபார்க்காமல் கிடக்கவிட்டது என்பதும் உண்மையே. ஒழுகும் கூரையும் உளுத்த பலகையும் தீக்கு உணவு என்பதைத் தீயணைப்பாளர் நன்கறிவர். ஆயினும், பெருந்தீ ஒன்றினால் ஆகாத அளவு மாற்றம் 2000ஆம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகளில் நிகழ்ந்தது என்பதே அவர் கருத்து. நாமும் அதனை மறுப்பதற்கில்லை.

நூறு குவார்ட்டர்ஸ்

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்த ரயில்பாதை பிரிக்ஃபீல்ட்ஸை ரயில்வேயின் ஊராக்கிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் அங்குக் குடியேறினர். 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம் அச்சமூகத்தின் சின்னம். 2014இல் அவ்வளாகத்தில் உயர்மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் எதிர்ப்பைச் சந்தித்தது. 2016இல் ஆசிரமம் மரபுடைமையாக அரசிதழில் பதிவு பெற்றது. அரசு ஊழியர்க்கென ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் ஆகிய இரு தெருக்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ அவ்வாறு காக்கப்படவில்லை. 2010களின் இடைப்பகுதியில் அது இடிக்கப்பட்டது. ரயில்வே வளாகம் இருந்த நிலத்தில் கே.எல். சென்ட்ரல் 2001இலேயே எழுந்துவிட்டது.

இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. ஆசிரமத்திற்குப் பழைய மாணவரும் அன்பர்களும் இருந்தனர். குவார்ட்டர்ஸுக்கு உரிமை கோருவார் இலர். ஓய்வுபெறும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டுச் செல்பவர்க்கு அவ்வீடு பரம்பரை வீடாவதில்லை. பிறந்து வளர்ந்த வீட்டை இடிக்கும்போது தடுக்கும் உரிமையும் அவர்தம் பிள்ளைகளுக்கு இல்லை. நம் தகவலாளரின் குடும்பமும் அவ்வாறு சாவி ஒப்படைத்ததே.

இத்தகைய நினைவைச் சான்றாகக் கொள்ளுமிடத்துச் சில எச்சரிக்கைகள் தேவை. ஆண்டு கேட்டால் மகள் பிறந்த ஆண்டு, வெள்ளம் வந்த ஆண்டு என்றே விடை வரும். 1971 ஜனவரிப் பெருவெள்ளம் போன்ற நாளறிந்த நிகழ்ச்சிகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தெருப்பெயர்களும் கலந்து வரும். கேம்பல் சாலை ஜாலான் டாங் வாங்கியாகவும், ஷா சாலை ஜாலான் ஹாங் துவாவாகவும், பிரிக்ஃபீல்ட்ஸ் சாலை ஜாலான் துன் சம்பந்தனாகவும் மாறியதை அறியாதவர்க்கு இவ்வுரையாடல் விளங்காது. மேலும், அழைப்பு வந்த கட்டடமே நினைவில் ஆழமாகப் பதியும். அமைதியாக இருந்த தெரு மங்கிவிடும். மேற்பார்வைக்காகக் கட்டடங்களைச் சென்று கண்ட பழக்கம் இக்குறையைச் சிறிது ஈடுசெய்கிறது.

கிள்ளானைப் பற்றி அவர் கூறியவை குறைவே. 1890களைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஜாலான் கோ ஹோக் ஹுவாட் தீயணைப்பு நிலையக் கட்டடத்தை மட்டும் விரிவாக விளக்கினார். பிரிக்ஃபீல்ட்ஸைப் பற்றியோ, ஒரு தாளில் நூறு குவார்ட்டர்ஸின் படத்தைத் தாமே வரைந்து தந்தார். பின்சந்து, சாக்கடை, சமையற்கட்டு, கிணற்றடி ஆகியவை முதலிலும் முன்வாசல் கடைசியிலும் இடப்பட்டன. வீடுகளுக்கு எண்ணில்லை, எழுத்தர் வீடு, சிக்னல்காரர் வீடு, தபால்காரர் வீடு எனத் தொழிலே முகவரி. எல்லா வீடுகளையும் அவரால் நிரப்ப இயலவில்லை. வெற்றிடமாக உள்ள வீடுகளில் குடியிருந்தோருள் சிலர் பூச்சோங்கிலும் கிள்ளானிலும் ரவாங்கிலும் வாழ்கின்றனர் என்று அவர் கூறினார். அப்படத்துடன் அவர்களைத் தேடிச் செல்லும் பணியை இவ்வாண்டு நாம் தொடங்கியுள்ளோம்.