கற்பித்தல் பயிற்றுநர்

கற்பித்தல் பயிற்றுநர் என்பவர், பணியிலுள்ள ஆசிரியர்களுடன் இணைந்து அவர்களது வகுப்பறைத் திறனை மேம்படுத்தும் கல்விப் பணியாளர். பொதுவாக இவருக்கு நிர்வாக அதிகாரம் இல்லை. பாட அறிவும் ஆசிரியர்களின் நம்பிக்கையுமே இவரது தலைமைக்கு அடிப்படை. முன்கலந்துரையாடல், வகுப்பு நோக்கல், பின்னூட்டம் ஆகியவை பணியின் முதன்மைக் கட்டங்கள். எடுத்துக்காட்டாக, வினா எழுப்பியபின் ஆசிரியர் விடைக்காக எத்தனை வினாடி காத்திருக்கிறார் என்பதைப் பயிற்றுநர் குறித்துக்கொள்வார். அக்குறிப்பை வைத்து இருவரும் பேசுவர். மேலும், பயிற்றுநர் பாடவாரியாக ஆசிரியர்களைக் கூட்டி, மாதிரிப் பாடங்களையும் மாணவர் ஏடுகளையும் சேர்ந்து ஆராயச் செய்வதன் வழியாகத் தொழில்சார் கற்றல் சமூகம் உருவாகிறது. அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோர் 1980-களில் நடத்திய ஆய்வுகள் இப்பயிற்றுநர் முறைக்கு வித்திட்டன. 2007-இல் வெளியான ஜிம் நைட்டின் நூல் இதைப் பரவலாக்கியது. தமிழ்நாட்டில் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களின் பணி இதையொத்தது.