இல்லாததும் ஒரு சாட்சிதான்!

தூத்துக்குடி கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ல். வெறும் பையோடு மேலே வரும் முத்துக்குளிப்பவர் சொல்லும் செய்தி என்ன? அங்கே சிப்பி இல்லையா? அல்லது தண்ணீர் கலங்கி இருந்ததால் கண்ணில் படவில்லையா? இரண்டும் ஒன்றல்ல. புரதங்களின் வடிவத்தைத் தேடிய விஞ்ஞானிகளுக்கும் இதே கேள்வி வந்தது.

1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோல், எலும்பு, தசைநாண்களில் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழை வடிவம் ஒன்றைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அதைச் சுருள் வடிவமாகத் திருத்தினார்கள். ஆனால் இங்கிலாந்தில் இருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று குறை சொன்னார்கள்.

அப்படியானால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரன் ஏற்கனவே தெரிந்த படிக அமைப்புகளில் இருந்த இடைவெளிகளை எல்லாம் அலசினார். 1963ல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. புரதச் சங்கிலியின் இரண்டு திருப்பக் கோணங்களை வைத்து, எவை நடக்கும், எவை நடக்காது என்று அது காட்டியது. படத்தின் பெரும்பகுதி காலிதான். அந்தக் காலியிடம்தான் அதன் பலமே!

பிறகு என்.எம்.ஆர் முறை வந்தது. இதில் முன்னோடியான குர்ட் வூத்ரிச்சுக்கு 2002ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சுமார் 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் ஒரு சமிக்ஞை தெரியும் (ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு). அதை வைத்து 'இவை பக்கத்தில் இருக்க வேண்டும்' என்று கணினிக்கு நிபந்தனை போடலாம். சமிக்ஞை வரவில்லை என்றால் 'இவை தள்ளியிருக்க வேண்டும்' என்றும் போடலாம் அல்லவா?

போடலாம், ஆனால் கவனமாக. அந்தப் பகுதி அசைந்துகொண்டே இருந்தாலும், ஹைட்ரஜன் தண்ணீரோடு இடம் மாறினாலும், வேறொரு சமிக்ஞை மேலே விழுந்து மறைத்தாலும் அது காணாமல் போகும். அதை 'தூரம்' என்று எடுத்துக்கொண்டால் வடிவமே தப்பாகிவிடும். எனவே, அருகில் இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்று உறுதியான இடங்களில் மட்டுமே இந்த நிபந்தனை செல்லும்.

ராமச்சந்திரனின் 'இல்லை' அணுக்களின் பருமனில் இருந்து வந்தது, அதனால் உறுதியானது. என்.எம்.ஆரின் 'இல்லை' கருவியின் கண்ணையும் பொறுத்தது. அதனால்தான் என்.எம்.ஆரில் கிடைத்த வடிவங்களைக்கூட இன்றும் உலகெங்கும் அந்தச் சென்னை வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

வெறும் பையை நம்பலாம், தண்ணீர் தெளிவாக இருந்தால்!